கணக்குக்குப் பயந்து கெமிஸ்ட்ரியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. கலை அறிவியல் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க மொபைலோடு உட்கார்ந்தாள் மகள். பாடத்தைத் தேர்வு செய்யும் இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"பிசிக்ஸ்தான்மா ஆசை. ஆனா மேத்ஸ்ல 62தானே..."

"அப்ப கெமிஸ்ட்ரி போட்டுடு கண்ணு. அதுல கணக்கே இருக்காதாம்" என்றார் அம்மா.

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் பெரியம்மா மகள் அப்போது வீட்டில் இருந்தாள். கேட்டதும் சிரித்துவிட்டாள். "யாரு சித்தி அப்படிச் சொன்னது?"

பல வீடுகளில் இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. 'கணக்கு வராது, அதனால் கெமிஸ்ட்ரி' என்று சேர்ந்துவிட்டு, முதல் வருடத்திலேயே திகைத்து நிற்கிறார்கள்.

பி.எஸ்சி. வேதியியலில் கரிம வேதியியல், கனிம வேதியியல், இயற்பிய வேதியியல் என்று மூன்று பெரிய பிரிவுகள் உண்டு. மூன்றாவதில் கணக்கு நிறைய. வெப்ப இயக்கவியல், வினைவேகம், மின்வேதியியல், குவாண்டம் வேதியியல் என்று எதைத் தொட்டாலும் மடக்கை, வகையிடல், தொகையிடல் வந்துவிடும். போதாததற்கு, துணைப் பாடமாகக் கணிதத்தை வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. சில கல்லூரிகளில் அதற்குப் பதில் தாவரவியலோ விலங்கியலோ இருக்கும். சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

இயற்பியலில் நிலைமை வேறு. இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் என ஏறக்குறைய எல்லாத் தாள்களும் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 'கணித இயற்பியல்' என்று தனிப் பாடமே உண்டு.

"கெமிஸ்ட்ரியில கணக்கு கறிவேப்பிலை மாதிரி, அங்கங்க வரும். அதுக்காக ஒதுக்கி வச்சுட்டுச் சாப்பிட முடியாது. பிசிக்ஸ்ல அது உப்பு. இல்லாம சமையலே கிடையாது" என்றாள் அக்கா.

"அப்ப எனக்கு ரெண்டுமே வராதாக்கா?"

அக்கா பதில் சொல்லவில்லை. இயற்பியல் புத்தகத்திலிருந்து ஐந்து கணக்கு, வேதியியல் புத்தகத்திலிருந்து ஐந்து கணக்கு குறித்துக் கொடுத்தாள். "கைடு பார்க்காம போடு. விடை முக்கியமில்ல, ஒவ்வொரு வரியும் எனக்கு வேணும்."

ஒன்றரை மணி நேரம் கழித்து நோட்டைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைக் கேட்ட கணக்கில் படம் சரி, சூத்திரம் சரி, விசை எந்தத் திசையில் என்பதும் சரி. பத்தின் அடுக்கைக் கூட்டும்போது ஒரு மைனஸ் காணாமல் போயிருந்தது. அடுத்ததில் பின்னத்தைத் தலைகீழாக்க மறந்திருந்தாள். பி.எச். கணக்கிலும் மடக்கையில்தான் சறுக்கல்.

'கணக்கில் வீக்' என்பது ஒரே நோய் இல்லை. பின்னம், குறி, அடுக்கு, மடக்கை தடுமாறினால் அது அடிப்படையில் விழுந்த ஓட்டை. தினமும் உட்கார்ந்தால் கல்லூரி திறப்பதற்குள் பெரும்பகுதியை அடைத்துவிடலாம். வகையிடலைப் போடத் தெரிகிறது, ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரியவில்லை என்றால், பதினோராம் வகுப்பிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். கணக்கைப் பார்த்தாலே நோட்டை மூடிவிடத் தோன்றுகிறது என்றால், இயற்பியலில் மூன்று வருடமும் தண்டனையாகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, ஆய்வகத்தில் உப்பைக் கண்டுபிடிப்பதும் கரிம வினைகளைப் பின்தொடர்வதும் பிடித்திருந்தால், வேதியியல் நல்ல தேர்வு. அங்கேயும் இயற்பிய வேதியியலுக்குத் தயாராக வேண்டும்.

மைக்கேல் ஃபாரடேவுக்கு முறையான பள்ளிப் படிப்பும் குறைவு, கணிதமும் குறைவு. 1825-ல் பென்சீனைப் பிரித்தெடுத்தார், 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். வேதியியல், இயற்பியல் இரண்டிலும் அவர் பெயர் நிற்கிறது. ஆனால் அவர் மனக்கண்ணில் கண்ட விசைக் கோடுகளைச் சமன்பாடுகளாக மாற்ற, மேக்ஸ்வெல் வரவேண்டியிருந்தது. இன்றைய மாணவருக்கு ஃபாரடேயின் ஆர்வமும் வேண்டும், மேக்ஸ்வெல்லின் கணக்கில் கொஞ்சமும் வேண்டும்.

மேற்படிப்பிலும் இதே கதைதான். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் 'ஜாம்' தேர்வில், இயற்பியல் பாடத்திட்டம் கணித முறைகளில் தொடங்குகிறது. வேதியியல் பாடத்திட்டத்திலும் அடிப்படைக் கணிதம் ஒரு பகுதி.

நோட்டை மூடிய அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "விடை தப்பானதும் எந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்த?"

"பிசிக்ஸ் ரெண்டையும் போட்டேன். கெமிஸ்ட்ரியில விட்டுட்டேன்."

"அப்புறம் என்ன?"

முதல் விருப்பமாக இயற்பியல், இரண்டாவதாக வேதியியல் என்று பதிவானது. அம்மாவுக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனாலும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் கட்டி வைத்திருந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார்.

"நல்லவேளை, பழைய பேப்பர்காரருக்குப் போடல. இந்தா, இன்னிக்கே ஆரம்பி."