மாறிக்கு விளங்குகிற பெயர் வைப்போம்



உயர்தர ஐசிடி வகுப்பில் ஆசிரியர்களாகிய நாங்களே செய்கிற ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். விலை, நிறை போன்றவற்றைக் கணினி ஒரு பெயரில் வைத்திருக்கும். அதுதான் மாறி. நாங்கள் கரும்பலகையில் அதற்கு ஏ, பி, எக்ஸ் என்று பெயர் வைக்கிறோம். அடுத்த கிழமை பார்த்தால் எக்ஸ் என்பது றாலின் விலையா, நிறையா என்று எழுதிய பிள்ளைக்கே தெரியாது.

சில பிள்ளைகள் 'றால்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். ஓரிடத்தில் ஒரு 'ஏ', இன்னோரிடத்தில் இரண்டு 'ஏ'. எங்களுக்கு இரண்டும் றால்தான். கணினிக்கோ இரண்டு வேறு மாறிகள். பிஎச்பியில் பெரிய எழுத்து சிறிய எழுத்தானாலும் அப்படித்தான். கணக்குப் பிழைக்கும். "எனக்கு ஐசிடி வராது" என்று பிள்ளை ஒதுங்கிவிடும். கற்பிட்டியிலும் முந்தலிலும் தமிழில் படிக்கிற பிள்ளையின் அறிவில் குறையில்லை. பெயர் வைக்க நாங்கள் பழக்கவில்லை.

பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்ட்டும் தமிழ் எழுத்துப் பெயர்களை ஏற்கும். ஆரம்பத்தில் றால்_விலை, றால்_நிறை என்றே எழுத விடுவோம். பெயருக்குள் இடைவெளி கூடாது, இலக்கத்தில் தொடங்கக் கூடாது. நடுவில் சிறுகோடு போட்டால் கணினி அதைக் கழித்தல் என்று எடுக்கும். அதனால் அடிக்கோடு. கை பழகியதும் ஆங்கிலப் பெயர்களுக்கு மாற்றுவோம். தொழிலில் அதுதான் வழக்கம்.

பெற்றோரே, பிள்ளையின் கொப்பியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஐசிடி படிக்காத உம்மாவுக்கும் பெயரை வாசித்தே கணக்கு விளங்கினால், பிள்ளை சரியாகப் படிக்கிறது. விளங்காவிட்டால் எங்களிடம் கேளுங்கள்.