கேரவன் வரட்டும், ஜனவரி கடைசியில்!

மாணவச் செல்வங்களே, சொந்தங்களே! டிசம்பர் லீவுக்கு கேரவன் பிடித்து, கோவளம் முதல் புதுச்சேரி வரை கடலோரமாகப் போய், ராத்திரி மணலோரம் வண்டியிலேயே தூங்கப் போகிறீர்களாம். அணுபுரத்திலிருந்து வாத்தியார் சொல்கிறேன், வேண்டாம்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையேறியது மாமல்லபுரம் பக்கம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல், புதுச்சேரி பக்கம். இரண்டும் உங்கள் ரூட்டில்தான்!

“காலையில் நல்ல வெயில் சார்” என்பீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலை வெயில் சாயங்காலத்துக்கு ஜாமீன் தருமா? எச்சரிக்கை வந்ததும் மீனவர்கள் படகை மேட்டுக்கு இழுத்துவிடுகிறார்கள். அவர்கள் காலி செய்த இடத்திலா நீங்கள் குழந்தைகளைத் தூங்க வைப்பீர்கள்? வண்டியோ உயரம்; பாலாற்றுப் பாலத்தில் பக்கக்காற்று அடித்தால் டிரைவர் என்ன செய்வார்?

ஜனவரி கடைசியில் வாருங்கள். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையை நானே சுற்றிக் காட்டுகிறேன்.