பொட்டி போச்சு... டிஸ்க்காவது பத்திரமா?

குருபரப்பள்ளி வழியாக ஒரு காலத்தில் படப்பெட்டி பஸ்சில் போகும். 'பொட்டி வந்தாச்சா?' என்று ரசிகர்கள் காத்துக் கிடப்பார்கள். இப்போது படம் கைக்கு அடங்கும் ஹார்டு டிஸ்க்கில் வருகிறது. இன்ன தியேட்டர், இன்ன நாள் என்று தனிச் 'சாவி' வந்தால்தான் ஓடும். டிஸ்க்கைத் திருடினாலும் திருடன் பருப்பு வேகாது!

தலைவலி சத்தத்தில்தான். 5.1 என்றால் 6 ஒலித்தடம், 7.1 என்றால் 8. 2012-ல் 'சிவாஜி 3டி'யோடு 'அட்மாஸ்' வேறு வந்தாச்சு. இது கர்நாடக எல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மொழிக்கொரு பதிப்பும் உண்டு. எது எதுவென்று சீட்டு ஒட்டாமல் வைத்தால் அம்போதான்!

ஓட்டம் முடிந்ததும் தியேட்டர்காரர் படத்தை அழிக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த படத்துக்கு இடம் வேண்டுமே. தயாரிப்பாளர்தான் விழிக்கணும். ஒரே டிஸ்க்கைப் பீரோவில் பூட்டிவிட்டால் ஆச்சா? சும்மா கிடந்தாலும் அது மக்கர் பண்ணும். 1931-ல் வந்த நம்ம முதல் பேசும்படம் 'காளிதாஸ்', இன்று ஒரு பிரதிகூட இல்லை.

இரண்டு ஊரில் இரண்டு பிரதி; ஒவ்வொரு ஒலிப்பதிப்புக்கும் பூட்டுப் போடாத மூலம்; வருடா வருடம் போட்டுப் பார்க்க ஓர் ஆள். கோடிகளைக் கொட்டுகிறவர்களுக்கு இது என்ன பெரிய செலவா?