பல்லாவரம் கல்லுக்குச் சாதி இல்லை

1863 மே 30 அன்று பல்லாவரம் ராணுவத் திடலை ஒட்டிய சரளைக் குழியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது கையால் செதுக்கப்பட்ட கோடரி. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. ஃபூட்டின் பெயர் நிலைத்தது. குழி வெட்டிய தொழிலாளிகளின் பெயர் நிலைக்கவில்லை.

விமான நிலையமும் ஜிஎஸ்டி சாலையும் நெருக்கும் பல்லாவரம் இன்று தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் அந்த மண் நமக்கு என்ன சொல்கிறது?

அதே 1863இல் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார்கள். அங்குள்ள பழைய கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் வயதோ ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான். அதாவது, அந்தக் கோடரிகளைச் செதுக்கியவர்கள் நம் இனமே இல்லை. இதில் எந்த 'ஆண்ட பரம்பரை' உரிமை கோர முடியும்?

சாதியின் வயது என்ன? ஹைதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்திய மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அதன் பிறகே அகமணம் இறுகியது. 15 லட்சம் ஆண்டுகளை ஒரு நாளாகச் சுருக்கினால், 1,900 ஆண்டுகள் என்பது கடைசி இரண்டு நிமிடங்கள்கூட இல்லை. அந்த இரண்டு நிமிடப் பழக்கத்தைத்தான் 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' என்கிறார்கள். அதற்காகத்தான் காதலித்த பிள்ளைகளை வெட்டுகிறார்கள்.

தொன்மை பேசும் அரசியல் நம் ஊரில் பெருகிவிட்டது. ஒவ்வொரு அகழாய்வு முடிவும் வந்த மறுநாளே, 'எங்கள் சாதிதான் மூத்த குடி' என்ற சுவரொட்டிகள் முளைக்கின்றன. இந்தத் திருட்டை நாம் மௌனமாகக் கடக்கக் கூடாது. மண்ணுக்கடியில் கிடப்பது உழைத்த கைகளின் தடயம். யாருடைய சாதிச் சான்றிதழும் அல்ல.

மாணவர்கள் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யுமாறு நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. தடை வேண்டும். கூடவே, அந்தக் கயிறு கட்டும் பொய்ப் பெருமையையும் அறுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைப் பல்லாவரத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபூட்டின் கற்கருவிகளைக் காட்டுங்கள். 'இதைச் செய்தவர் என்ன சாதி?' என்று கேளுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சாதி ஒழிப்புப் பாடத்தை அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்கலாம்.