உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சை: எமது சங்கத்தின் நிலைப்பாடு

உணவுக் கட்டுப்பாட்டினாலும் தேகாப்பியாசத்தினாலும் மருந்தினாலும் தணியாத உடற்பருமனோடு சலரோகமும் சேர்ந்து வருத்த, கொழும்புக்கோ சென்னைக்கோ போய்ச் சத்திரசிகிச்சை செய்வதா, செய்வதாயின் எவ்வகையைத் தெரிவது என்று நம் யாழ்ப்பாணக் குடாநாட்டவர் வினவும்போது, ஒருவருக்குப் பலித்தது மற்றவருக்கும் பலிக்கும் என்னும் அயலட்டைப் பேச்சைப் பிரமாணமாகக் கொள்ளலாகாது என்பதே எமது முதல் விடை.

இன்று பெருவழக்காயுள்ளவை இரண்டு. இரைப்பையின் வெளிவளைவோடு ஏறத்தாழ முக்காற்பங்கை வெட்டி அகற்றி, எஞ்சியதைக் குழாயளவாக ஒடுக்குவது 'சிலீவ்'. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மாத்திரம் பிரித்துச் சிறுகுடலோடு இணைத்து, உணவை மாற்றுவழியிற் செலுத்துவது 'பைபாஸ்'. ஒரு காலத்தில் எளிதென்று புகழப்பட்ட, இரைப்பையைச் சுற்றிப் பட்டி கட்டும் முறையோ, எடை போதியளவு குறையாமையாலும் மறுபடி அறுத்துத் திருத்த நேர்ந்தமையாலும் செல்வாக்கிழந்துவிட்டது. அதனை நாம் சிபாரிசு செய்வதில்லை.

பின்லாந்தில் 240 பேரை இவ்விரு முறைகளுக்கும் பகிர்ந்து நடத்திய ஆய்வின் பத்தாண்டுப் பெறுபேறு 2022 இல் வெளியாயிற்று. மிகையெடையில் சிலீவ் செய்தோர் சராசரியாக 43.5 வீதத்தையும் பைபாஸ் செய்தோர் 51.9 வீதத்தையும் இழந்திருந்தனர்; சலரோகம் தணிந்ததில் நிச்சயமான வித்தியாசம் தென்படவில்லை; ஆனால் உணவுக்குழாய் அழற்சி முன்னையோரில் 31 வீதத்தினரிடமும் பின்னையோரில் 7 வீதத்தினரிடமும் காணப்பட்டது. ஆகவே, நெஞ்செரிவினால் ஏலவே வருந்துவோருக்குச் சிலீவ் உகந்ததன்று என்பது எமது அபிப்பிராயம்.

அதனால் எவருக்கும் பைபாஸே மேலென்று தீர்ப்பது அவசரம். சத்துக்குறைவின் அபாயம் அதில் அதிகமாதலின், இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பீ12 ஆகியவற்றை ஆயுள் முழுதும் உட்கொண்டு, காலந்தோறும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். நோவுக்கென்று கடையில் வாங்கும் சில மாத்திரைகள் இணைப்பிடத்திற் புண்ணை உண்டாக்கும். பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்த சிறிது நேரத்தில் வியர்த்து நெஞ்சு படபடப்பதும் உண்டு. நெடுந்தீவிலிருந்து வள்ளமேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பின்னர் பஸ்ஸேறி யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டிய ஒருவர் இக்கண்காணிப்பைத் தவறவிடாதிருப்பாரா என்பதையும் விசாரித்தே முறையைத் தெரிதல் வேண்டும். தொடர் கண்காணிப்புக்கு வழியில்லாதவிடத்து, எவ்வகைச் சத்திரசிகிச்சைக்கும் நாம் உடன்படோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மேலைவைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த இம்மண்ணில், ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் பத்திரத்திற் கையொப்பம் வாங்குவது நியாயமன்று. அப்பத்திரம் தமிழில் வேண்டும். அறுவைக்குப் பின் வேண்டிய இரத்தப் பரிசோதனைகளைப் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலேயே இலவசமாகச் செய்ய வட மாகாணச் சுகாதார அமைச்சு ஒழுங்கு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.