ஓரக்கல்லின் உயரம்

பள்ளி நாட்களில் எங்கள் தெருமுனையில் பஸ்ஸுக்காக நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் நடைபாதையின் ஓரக்கல். காலை ரோட்டில் ஊன்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். போன வாரம் அதே இடத்தில் நின்று பார்த்தேன். கல் இருக்கிறது, ரோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடைதான் தெரிகிறது. கல் இறங்கவில்லை, ரோடு ஏறிவிட்டது.

பொறியாளர்கள் 'கெர்ப்' என்று சொல்லும் இந்தக் கல்லை, கறுப்பு வெள்ளை பூசுவதற்கென்று வைத்ததாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ரோட்டுக்கு அது காவல். தார் ரோடு பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் பிய்யத் தொடங்கும். பக்கத்தில் பிடிமானம் இல்லாவிட்டால், பஸ் சக்கரம் ஓரமாக ஏறி இறங்கும்போதெல்லாம் ஜல்லி வெளியே நழுவும். அதை இறுக்கிப் பிடித்து நிற்பது ஓரக்கல்.

அதைவிடப் பெரிய வேலை, தண்ணீருக்கு வழிகாட்டுவது. நடுவில் உயர்த்தி, இரு பக்கமும் மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சரிவு கொடுத்துத்தான் தார் ரோடு போடுகிறார்கள். சரிந்து வரும் மழைநீர் ஓரக்கல்லில் முட்டி, அதை ஒட்டியே ஓடி, வடிகால் வாயில் விழ வேண்டும். தாருக்கு எமன் தண்ணீர். தேங்கிய நீர் ஜல்லியிலிருந்து தாரைப் பிரித்துவிடும். அதன்மேல் வண்டி ஓட ஓடப் பள்ளம் விழும். கல் நன்றாக இருந்தாலும் வடிகால் வாயில் மண் அடைத்திருந்தால் இதே கதிதான். பராமரிப்பு என்பது அந்த வாயைத் தூர்வாருவதும்தான்.

இந்திய சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி, ஓரக்கல் 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறது. அதற்கு மேல் போனால் முழங்கால் வலிக்காரர்கள் ஏற மாட்டார்கள், ரோட்டிலேயே நடப்பார்கள். மிகவும் தாழ்ந்தாலோ மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையில் ஏறிவிடும். எங்கள் தெருவில் இப்போது நடப்பது அதுதான்.

கணக்கு எளியது. பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் 4 செ.மீ. கனத்துக்குப் போட்டால், மூன்றாம் முறையோடு 15 செ.மீ. கல்லில் 3 செ.மீ.தான் மிஞ்சும். பிறகு மழைநீர் கல்லைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வரும். இதற்குத் தீர்வாகப் பழைய கல்லின்மேல் புதுக்கல் வைக்கிறார்கள். நடைபாதை உயர்கிறது, வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. என் கோபமெல்லாம் இதில்தான். பணம் இரண்டு தடவை போகிறது, தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். 'மில்லிங்' என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கு இயந்திரம் இருக்கிறது.

உங்கள் தெருவில் தார் போட ஆள் வந்தால், வேலை தொடங்கும் முன்பே ஓரக்கல்லின் உயரத்தை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள். மில்லிங் முடிந்ததா என்று கேளுங்கள். தார் லாரி வந்து கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.