நூற்றுக்கு 71 பேர்!

மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்பார்கள். மகேசனின் தீர்ப்பையே "ஏன்?" என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். மக்கள் தீர்ப்பை மட்டும் ஆராயக் கூசுவானேன்?

அமெரிக்க நாட்டைப் பாருங்கள், தோழர்களே! 2003 மார்ச் 20-இல் ஈராக் மீது குண்டுமாரி பொழிந்தது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இல்லை. நேச நாடுகளான பிரான்சும் ஜெர்மனியும் எதிர்த்தன. பிப்ரவரி 15-இலேயே இலண்டனிலும் ரோமிலும் நியூயார்க்கிலும் இலட்சோப இலட்சம் பேர் வீதிக்கு வந்து, வேண்டாம் இந்தப் போர் என்றனர். ஆயினும் படை புறப்பட்டது. புறப்பட்டதும் நடந்ததென்ன? குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்ஷின் செயலை ஏற்போர், காலப் கருத்துக் கணிப்பின்படி, நூற்றுக்கு 58 பேரிலிருந்து 71 பேராயினர்! ஒரு வார காலத்தில்! அந்த வாரத்தில் புதிய சான்று கிடைத்ததா? பேரழிவுக் கருவி ஒன்றேனும் கண்டெடுக்கப்பட்டதா? இல்லை. முரசு ஒலித்தது; அவ்வளவே.

கோயில் மணி கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்பவனைக் கண்டு நகைக்கிறோம். போர் முரசு கேட்டதும் சிந்தனையைச் சுருட்டி வைப்பவன் எவ்வகையில் அவனுக்கு மேல்? முன்னவனின் கன்னம்தான் சிவக்கிறது; பின்னவனாலோ பிறர் பிள்ளை சாகிறது.

"பாவம், ஏமாற்றப்பட்டார்கள்" என்று பரிவு காட்டுவோர் உண்டு. ஓரளவு மெய்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் சதாம் உசேனுக்குப் பங்கிருக்கக்கூடும் என்று, 2003 ஆகஸ்டில் எடுத்த ஒரு கணிப்பில் நூற்றுக்கு 69 பேர் கருதினர். ஏடுகளும் ஒத்து ஊதின. தன் செய்திகள் சிலவற்றைப் போதிய அளவு துருவி ஆராயவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே திங்களில் ஒப்புக்கொண்டது. ஆனால் 2002 அக்டோபரில், போருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தைச் செனட் அவையில் 77 பேர் ஆதரித்தபோது, 23 பேர் எதிர்த்தார்களே! அவர்களுக்கு என்ன, ஞானதிருஷ்டியா? காட்டிய சான்று போதாது என்றனர் அவர்களுள் பலர்.

அதுவும் போகட்டும். உண்மை வெளிவந்த பிறகு? செப்டம்பர் 11-இல் சதாமுக்குப் பங்கு உண்டென்பதற்குச் சான்றில்லை என்று 2003 செப்டம்பரில் புஷ்ஷே கூறினார். ஈராக்கில் பேரழிவுக் கருவிகள் குவிந்திருக்கவில்லை என்று, அமெரிக்க அரசே அனுப்பிய ஆய்வுக் குழுவின் அறிக்கை 2004 அக்டோபரில் அறிவித்தது. அடுத்த திங்கள் தேர்தல். புஷ் மீண்டும் வென்றார்!

பொய் அவரை வீழ்த்தவில்லை. வெற்றி வராததே வீழ்த்தியது. சவப்பெட்டிகள் வந்தவண்ணம் இருந்தன. 2005-இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது அரசு தடுமாறியது. 2008-இல் வங்கிகள் சரிந்தன. அவ்வாண்டு அக்டோபரில் அவரை ஏற்போர் நூற்றுக்கு 25 பேர். முன்னர் ஆரவாரித்த கைகளே, "எல்லாம் புஷ் செய்த பிழை" என்று கழுவிக்கொண்டன. போர் சில திங்களில் வெற்றியாய் முடிந்திருந்தால்? அதே பொய்க்கு மாலை சூட்டியிருப்பார்கள்.

மிகைப்படுத்துகிறேனோ? 2017 ஜூனில் அதே காலப் நிறுவனம் மீண்டும் கேட்டது. புஷ் மீது நன்மதிப்புக் கொண்டோர் நூற்றுக்கு 59 பேர்! இடைப்பட்ட ஆண்டுகளில் ஈராக்கில் மாண்ட பொதுமக்கள் இலட்சத்துக்கும் மேல். அந்தக் கணிப்புத் தாளில் அவர்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை.